வீங்கின முகமும் ஆற்றுவாழைத் தண்டும்

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். 1978 சூறாவளி ஆண்டை வைத்து ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு அம்மம்மா, அவவின் தோட்டம், ஒரு போடியாரின், அதாவது பெரிய வயல்காரரின், வயல், வீடு நிறையப் பிள்ளைகள். கொஞ்சம் திரட்சியாக எதைக் கண்டாலும் 'உருண்டையான', 'வீங்கிய' என்ற இரண்டு சொல்லைத் தவிர எனக்கு வேறு வருவதில்லை. செடியும் வீங்குகிறது, குழந்தையின் கன்னமும் வீங்குகிறது, அழுத பெண்ணும் வீங்குகிறாள். வாசித்த தோழி, "என்னடி, உன்ர கதையில எல்லாரும் ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கிற மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறாள். அழுத முகத்தை எழுத என் சின்ன மகனைத்தான் பார்த்து எழுதினேன். ஒரு கிழமையாகக் காலையில் எழும்பும்போது அவனுக்கு இமையெல்லாம் தடித்து அப்படித்தான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தையும், மாதிரிக்கு அதிலிருந்து நாலு வாக்கியத்தையும் இணைத்திருக்கிறேன். நல்ல சொற்பட்டியல் ஒன்று தருவீர்களா?

பதில்:

தங்கச்சி, கதையைக் கொஞ்சம் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் மகனைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நான் டாக்டர் இல்லை, பிரதி திருத்துகிறவன், அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு கிழமையாகக் காலையில் இமை தடித்திருந்தால் அதை நித்திரைக் குறை என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும், கிட்டிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். பின்னேரத்தில் காலும் தடிக்கிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று பார்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சரி, இனிக் கதை.

பட்டியல் கேட்டீர்கள். உப்பிய, புடைத்த, பருத்த, திரண்ட, பூரித்த, விம்மிய, அதைத்த, தடித்த, கொழுத்த, ஊதிய. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்: 'வீங்கிய' வந்த இடத்திலெல்லாம் ஒன்றை எடுத்து மற்றொன்றைச் செருகுவீர்கள், குழந்தையின் கன்னம் புடைத்துவிடும், தண்ணீரில் மிதக்கிற ஆற்றுவாழை விம்மத் தொடங்கிவிடும், தோழி இன்னும் கூடச் சிரிப்பாள். உங்களுக்குச் சொல் குறைவில்லை. வெளிக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுத உட்காருகிறீர்கள். வெளிக்கோடு என்று பார்த்தால் எல்லாமே ஒரு வளைவுதான், அதற்கு 'உருண்டை' என்பதைத் தவிர வேறென்ன வரும்? உள்ளே என்ன நிறைந்திருக்கிறது என்று கேளுங்கள். காற்றா, தண்ணீரா, கொழுப்பா, கதிரா, சீழா? அது நிறைய எவ்வளவு நேரம் எடுத்தது, வடிய எவ்வளவு நேரம் எடுக்கும்? இந்த இரண்டும் தெரிந்தால் தோல் எப்படி இருக்கும், எந்த இடத்தில் மேடு தொடங்கும் என்பதெல்லாம் தானாகத் தெரியும், சொல்லும் அதோடு வந்துவிடும்.

உங்கள் முதல் வாக்கியம்: 'வாவியில் ஆற்றுவாழைத் தண்டுகள் வீங்கிக் கிடந்தன.' ஆற்றுவாழையை ஒரு தரம் கையில் எடுத்து இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி, முழுக்கக் காற்றறை. அந்தக் காற்றுதான் செடியை மிதக்கவைக்கிறது. அப்புறம் ஒரு சங்கதி இருக்கிறது, கதை எழுதுகிறவருக்கு அதுதான் புதையல்: இடம் தாராளமாக இருக்கும்போதுதான் காம்பு குட்டையாகி நடுவில் உப்பும். செடிகள் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கினால் அதே காம்பு மெலிந்து உயரமாகிவிடும், உப்பல் காணாமல் போய்விடும். ஆகவே உப்பிய காம்பு என்று நீங்கள் எழுதினாலே, தண்ணீர் இன்னும் திறந்து கிடக்கிறது, செடி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். மாரி வெள்ளத்தோடு வாவிக்குள் வந்த புதிதில் ஒரு வடிவம், குளத்தை மூடிப் பாய் விரித்த பிறகு இன்னொரு வடிவம். உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது, அதனால் வாவியில் அதன் காலமும் மழையோடு சேர்ந்ததுதான். (இந்தச் செடியை அடக்க 1909இலேயே இலங்கையில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உங்கள் அம்மம்மா அதைப் பிறந்த நாள் முதல் கண்டிருப்பா, ஆச்சரியப்பட மாட்டா.) நான் இப்படித் திருத்துவேன்: 'வெள்ளத்தோடு வந்த ஆற்றுவாழைகள் இன்னும் நெருங்கவில்லை; ஒவ்வொன்றும் காம்பை உப்பவைத்துக்கொண்டு தனித்தனியே மிதந்தது.'

மெல்லிய தோலுக்குள் காற்று மட்டும் நிறைந்தது எதுவானாலும் பாரம் இருக்காது, கிழிந்தால் சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும். வேலியில் படர்ந்த முடக்கொத்தான் காயைப் பாருங்கள். மூன்று பக்கம், கடதாசி போன்ற தோல், உள்ளே காற்றும் வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்பு விதைகளும். நசித்தால் ஒரு சத்தம், அவ்வளவுதான். எருக்கலை மொட்டும் அப்படி, ஊரில் அதை நசித்து வெடிக்கவைக்காத பிள்ளை கிடையாது. முகத்தில் இதற்கு நேரான ஒன்று வேண்டுமென்றால் கோயில் சடங்கில் சொர்ணாளிக் குழல் ஊதுகிறவரின் கன்னம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பொம்மும், தோல் இழுபட்டு மினுங்கும், வாயை எடுத்த அடுத்த நொடி பழைய முகம். அந்த 'அடுத்த நொடி' உங்கள் வாக்கியத்துக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் பல்வலி என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

வயலுக்கு வருவோம். பெரும்போக நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததை நீங்கள் 'தண்டு உருண்டையாகியிருந்தது' என்று எழுதியிருந்தால் எந்த விவசாயியும் உங்களை மன்னிக்க மாட்டார். அது உருண்டை இல்லை. உள்ளே கதிர் மேலேறி வருகிறது, அதைச் சுற்றியிருக்கிற இலையுறை நடுவில் தடித்து, இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். விரலால் தடவிக்கொண்டு வந்தால் ஒரு இடத்தில் மெதுவாகக் கனக்கத் தொடங்கி மறுபடி மெலியும். இதற்குத் திரட்சி, புடைப்பு எல்லாம் பொருந்தும், வீக்கம் பொருந்தாது. ஏனென்றால் நாம் பேசும்போது வீக்கம் என்பதை இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிற பருமனுக்குத்தான் சொல்கிறோம். காலில் வீக்கம், பல்முரசில் வீக்கம். தோழி ஆஸ்பத்திரி வாட்டைக் கண்டது அதனால்தான், அவளுடைய காது சரியான காது, அவளை விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் செடிக்கு 'வீக்கம்' என்று எழுதவே கூடாதா? எழுதலாம், நோய் என்றால். உங்கள் அம்மம்மாவின் தோட்டத்தில் கச்சானும் கத்தரியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் வேரோடு பிடுங்கினால் இரண்டிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கலாம். கச்சான் வேரின் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் கழன்று வரும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குப் பிடித்துக்கொடுக்கிற பக்ரீரியா அதற்குள் குடியிருக்கிறது, அந்தச் சிவப்பு அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கத்தரி வேரில் இருப்பது வேறு கதை. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உள்ளே புகுந்து வேரையே பருக்கவைக்கிறது. அதைக் கழற்ற முடியாது, கழற்றப்போனால் வேர் அறும். முன்னையது விருந்தாளி, பின்னையது வீக்கம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அம்மம்மா ஒன்றும் பேசாமல் கத்தரியை மட்டும் வேலிக்கு வெளியே எறிகிறா என்று எழுதுங்கள், அவவுக்கு எவ்வளவு தெரியும் என்று பிறகு ஒரு பந்தி எழுதத் தேவையில்லை.

கிழங்கு வகையில் ஒரு சின்ன எச்சரிக்கை. பருத்தது எந்த உறுப்பு என்று பார்த்து எழுதுங்கள். நோக்கோல் பருத்த தண்டு, அதனால் உருண்டையின் உடம்பிலிருந்தே இலைக்காம்புகள் கிளம்பும், உதிர்ந்த இடத்தில் தழும்பு இருக்கும். பீற்றூட்டுக்கு எல்லா இலையும் உச்சியில் மட்டும். வெங்காயம் இலைகளின் அடிப்பாகம் ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தடித்தது. மூன்றையும் 'உருண்டை' என்று ஒரே வரியில் அடுக்கினால் சந்தையில் தூர நின்று பார்த்தமாதிரி இருக்கும். வத்தகைப்பழம்கூட முழு உருண்டை இல்லை, மணலில் படுத்திருந்த பக்கம் சற்றுத் தட்டையாகி வெளிறியிருக்கும்.

எனக்குப் பிடித்தது மரமுந்திரிகை. நம்முடைய பக்கத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை, ஆனாலும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாக எழுதுகிறார்கள்: பழம் பழுத்து, அதன் அடியில் கொட்டை வந்தது என்று. முதலில் வருவது கொட்டைதான், உண்மையான காயும் அதுதான். பச்சையாகத் தன் அளவுக்கு அது வளர்ந்து முடிந்த பிறகுதான் அதைத் தாங்கிய காம்பு சாறு கோத்துப் பருத்து, மஞ்சளாகவோ சிவப்பாகவோ பளபளக்கும். நாம் பழம் என்று கடித்துச் சாப்பிட்டுத் தொண்டை கரகரக்க நிற்பது அந்தக் காம்பைத்தான். பத்து நாள் இடைவெளியில் இரண்டு காட்சியில் ஒரே மரத்தைக் காட்டினால், காலம் நகர்ந்ததை அந்தக் காம்பே சொல்லிவிடும்.

இனி முகங்கள். உங்கள் இரண்டாவது வாக்கியம்: 'குழந்தையின் உருண்டையான கன்னங்கள் வீங்கியிருந்தன.' கைக்குழந்தையின் கன்னத்துக்குள் இருப்பது கொழுப்புத் திண்டு, பால் உறிஞ்சும்போது கன்னம் உள்ளே ஒட்டிப்போகாமல் தாங்குவது அது. அதனால் நிறைவு கீழே, வாய்க்கு நேராக இருக்கும். வளர்ந்தவர்களின் முகத்தில் மேடு கண்ணுக்குக் கீழே எலும்பில் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் குழந்தையின் காதுக்கு அப்பால் கன்னம் தெரியும், தாயின் தோளில் முகம் வைத்து நித்திரையாகும்போது அந்தக் கன்னம் ஒரு பக்கம் நசிந்து வாயையும் கொஞ்சம் திறக்கவைக்கும். இவ்வளவு இருக்க, 'கொழுக்கு மொழுக்கு' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவது சோம்பல். உரையாடலில் அம்மம்மா சொன்னால் அழகு, கதைசொல்லி சொன்னால் விளம்பரம்.

மூன்றாவது: 'இரவெல்லாம் அழுத கனகத்தின் முகம் உருண்டையாக வீங்கியிருந்தது.' அழுத முகம் உருண்டையாவதில்லை. இமைத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல், அதற்குக் கீழே தளர்வான இடம், நீர் அங்கேதான் முதலில் போய்த் தங்கும். படுத்திருந்தால் இன்னும் கூடும், எழும்பி நடமாடினால் சில மணி நேரத்தில் வடியும். மேலிமையின் மடிப்பு மறையும், கண் சின்னதாகும், மூக்கு நுனி தடிக்கும். நம்முடைய ஆட்கள் இதற்கு 'முகம் அதைச்சிருக்கு' என்பார்கள், இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது, அச்சில் வரக்கூடாத சொல் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். இன்னொன்று, கனகத்தின் முகம் 'சிவந்து' வீங்கியது என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்களே அவளை மாநிறத்துக்கும் கறுப்பு என்று அறிமுகப்படுத்தினீர்கள். அந்த நிறத்தில் சிவப்பைவிட மினுக்கம்தான் முதலில் தெரியும். நான் எழுதினால்: 'விடிந்தபோது கனகத்தின் மேலிமை மடிப்பைக் காணவில்லை. மத்தியானம் சோற்றுக்கு இருக்கும்போது கண் பழையபடி திறந்துவிட்டது, குரல்தான் திரும்பவில்லை.'

நோயால் வருகிற முகங்களையும் ஒரே மாதிரி எழுத வேண்டாம். பல்லில் சீழ் கட்டினால் ஒரு பக்கம் மட்டும், இரண்டொரு நாளில், கல் மாதிரி இறுகி, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு வருகிற கோடு அந்தப் பக்கம் அழிந்துவிடும். சிரித்தால் வாய் ஒரு பக்கத்துக்கு மட்டும் போகும். கூகைக்கட்டு என்றால் காதுக்கு முன்னாலும் கீழேயும், தாடை மூலை மறைந்து, காதுச்சோணை மேலே வெளியே தள்ளுப்படும். உங்கள் கதை 1978இல் நடப்பதால் பிள்ளைகளில் ஒருவருக்குக் கூகைக்கட்டைக் கொடுப்பதில் தவறில்லை, அதற்கான தடுப்பூசி நம்முடைய தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2011இல்தான். மூச்சிழுப்புக்கு நெடுநாள் ஸ்டீரொய்ட் குளிசை எடுத்தவரின் முகம் இன்னொரு வகை: மாதக்கணக்கில், இரண்டு கன்னமும் பக்கவாட்டில் கொழுப்பு வைத்து, நேரே பார்த்தால் காது தெரியாத அளவுக்கு முழுநிலா முகமாகிவிடும், ஆனால் கையும் காலும் மெலிந்தே இருக்கும். வாய்க்குள் வெற்றிலை அடக்கிய கன்னம் இதில் எதுவுமில்லை, அந்த மேடு பேசப் பேச இடம் மாறும். இடம் மாறுவதை எழுதினால் வெற்றிலை என்ற சொல்லே வேண்டாம்.

நாலாவது வாக்கியம்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை, சொல்லிவிடுகிறேன். 'போடியாரின் முகம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது.' முகத்தைக் காயோடும் பழத்தோடும் ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது பழைய வழக்கம், நன்றாகவும் வரும். ஆனால் உருண்டை என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பிட்டால் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பூசணியில் என்ன பார்த்தீர்கள்? நெடுக்கு வரிகளா, சாம்பல் பூத்த தோலா, காம்பு உள்வாங்கிய குழியா? அதில் ஒன்று போடியாரின் முகத்தில் உண்மையிலேயே இருந்தால் எழுதுங்கள். இல்லை, அவர் கெட்டவர் என்று காட்டத்தான் அவரைக் கொழுக்கவைத்தீர்கள் என்றால், அதைக் கைவிடுங்கள். காசுக்காரன் என்றால் தொந்தியும் உப்பிய கன்னமும் என்பது படக்காரர் பண்ணிவைத்த வேலை. வரம்பில் நாள் முழுக்க நடந்து, வெயிலில் வற்றி, கன்னம் ஒட்டிய போடிமாரும் இருந்தார்கள், அவர்களில் கணக்கில் கொடுமையானவர்களும் இருந்தார்கள். ஒட்டிய கன்னத்தோடு ஒரு போடியாரை எழுதிப் பாருங்கள், அவர் வாய் திறக்கும்போது உங்களுக்கே பயம் வரும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நாலு வாக்கியத்தையும் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியிருந்தீர்கள், என் கைபேசியில் கனகமும் போடியாரும் ஆங்கில எழுத்தாகத்தான் வந்து இறங்கினார்கள், மாற்றி வாசிக்கப் பெரும் பாடுபட்டேன். அடுத்த அத்தியாயத்தை யூனிகோடில் அனுப்புங்கள். மகனின் பரிசோதனை முடிந்த பிறகு அனுப்பினால் போதும்.